செயலி 6.4 என்றது, ஆய்வகம் 8.1 என்கிறது: எதை நம்புவது?

வைகைக்கரையான் (கேள்வி)

என் தாயாருக்கு வயது அறுபத்தேழு. உசிலம்பட்டிக்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சென்னையிலும் தம்பி டொராண்டோவிலும் வேலையில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் காலையில் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. அளந்த எண்ணைத் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது அவருடைய வழக்கம். மருத்துவரிடம் போகும் நாளில் அந்தத் தாள்களில் பாதி கிடைக்காது. அதனால் பொங்கலுக்குப் போயிருந்தபோது, சர்க்கரை அளவைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை அவருடைய கைபேசியில் நிறுவி, எண்ணை எப்படி உள்ளிடுவது என்பதையும் கற்றுக் கொடுத்துவிட்டு வந்தேன். பதிவானதை என் கைபேசியிலும் தம்பியின் கைபேசியிலும் பார்க்க முடிகிறது என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அம்மா அக்கறையானவர். காலை ஆறு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, காபிக்கு முன்பு அளந்து, அன்றன்றே பதிந்துவிடுகிறார். மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலான எண்கள் 128-க்கும் 146-க்கும் இடையில்தான் இருக்கின்றன. செயலி தானாகவே ஒரு சராசரியைக் கணக்கிட்டு, மதிப்பிடப்பட்ட எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை விழுக்காட்டில் காட்டும் அளவு) 6.4 என்று பச்சை வட்டத்துக்குள் காட்டிக்கொண்டிருந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம். சென்ற வாரம் மதுரையில் உள்ள ஆய்வகம் ஒன்றில் இரத்தம் கொடுத்துப் பார்த்தபோது முடிவு 8.1 என்று வந்தது.

தம்பிக்கு அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "8.1 தானே அண்ணா, நல்ல அளவுதானே, ஏன் பதறுகிறீர்கள்?" என்று பதில் வந்தது. அவன் அப்படிச் சொன்னதற்கும் எனக்குக் காரணம் புரியவில்லை.

என் கேள்விகள் இவை. ஆய்வகத்தில் தவறு நேர்ந்திருக்குமா, அல்லது செயலியின் கணக்குத் தவறா? செயலிதான் தவறு என்றால் வேறு எந்தச் செயலியை நிறுவலாம்? அவரை மறுபடியும் நாட்காட்டித் தாளுக்கே திரும்பச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பழைய நுண்ணோக்கி

தம்பி, நான் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. "காலை ஆறு மணிக்கு, காபிக்கு முன்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்பது பதிவுகளும் அந்த ஒரே நேரத்தில் எடுத்தவைதாம் என்றால், அம்மாவின் உடலில் காலை இட்லிக்குப் பிறகும், மதியச் சோற்றுக்குப் பிறகும், இரவுப் பலகாரத்துக்குப் பிறகும் என்ன நடக்கிறது என்பதைச் செயலி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

செயலி போடும் கணக்கு இரகசியமானதன்று. சராசரிச் சர்க்கரையுடன் 46.7-ஐக் கூட்டி, 28.7-ஆல் வகுத்தால் எச்பிஏ1சி மதிப்பீடு வரும். 2008-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றிலிருந்து பெறப்பட்ட வாய்பாடு இது. நீங்கள் சொன்ன எண்களின் சராசரியை 137 என்று வைத்துக்கொண்டால், விடை சரியாக 6.4. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு இரவும் பகலும் தொடர்ச்சியாக அளக்கும் கருவி பொருத்தியும், ஒரே நாளில் பலமுறை விரலில் குத்தியும் சராசரி கண்டார்கள். விடியற்கால எண்களை மட்டும் அந்த வாய்பாட்டில் போடுவது, சித்திரை மாத வெயிலைத் தினமும் காலை ஆறு மணிக்கு மட்டும் அளந்துவிட்டு, மதுரை குளுமையான ஊர் என்று முடிவு கட்டுவதைப் போன்றது.

இனி ஆய்வகத்து 8.1-ஐப் பார்ப்போம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதையே எச்பிஏ1சி காட்டுகிறது. கடைசி ஒரு மாதத்துக்கு அதில் ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு. அதே வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால், 8.1 என்பது சுமார் 186 மில்லிகிராம் சராசரிக்குச் சமம். விடியற்காலையில் 137, ஒட்டுமொத்தத்தில் 186 என்றால், நாளின் மற்ற நேரங்களில் அளவு இருநூறைத் தாண்டிப் போய்வருகிறது என்றுதான் பொருள். இந்த வயதில், இத்தனை ஆண்டு நோயில், இது அரிதான நிலைமை அன்று.

ஆய்வக முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் நான் சொல்லமாட்டேன். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் ஊர்ப் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி என்பதால், அம்மாவுக்கு ஹீமோகுளோபின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்பது அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் முறை) என்று இருந்தால் நம்பத்தக்க முறைதான்.

டொராண்டோவில் இருக்கும் உங்கள் தம்பியின் பதில் எனக்குச் சிரிப்பையும் கவலையையும் ஒருசேரத் தந்தது. கனடாவில் இரத்தச் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வதில்லை, மில்லிமோலில் சொல்வார்கள். அங்கே உணவுக்குப் பிறகு 8.1 என்றால் நம் கணக்கில் 8.1-ஐப் பதினெட்டால் பெருக்கி வரும் 146. அது நல்ல அளவு. நீங்கள் அனுப்பியதோ எச்பிஏ1சி விழுக்காடு. எண் ஒன்று, பொருள் வேறு. உங்கள் மூவருடைய கைபேசியிலும் செயலியின் அலகு ஒன்றாக இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் வெறும் எண்ணை அனுப்பாமல், எந்தப் பரிசோதனை, எந்த அலகு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 தரம், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் பதினைந்து விழுக்காடு வரை முன்பின் இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. 137 என்று கருவி காட்டினால் உண்மை 119-ஆகவும் இருக்கலாம், 161-ஆகவும் இருக்கலாம். நேற்று 131, இன்று 138 என்று செயலி கோடு ஏறி இறங்குவதைப் பார்த்து அம்மாவிடம் தொலைபேசியில் விசாரணை நடத்தாதீர்கள்.

இனிப்பறியேன்

ஐயா விளக்கியதற்குப் பிறகு, பயன்படுத்துகிறவள் என்ற முறையில் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரையுடன் வாழ்கிறேன், பள்ளி ஆசிரியை. ஆறு வெவ்வேறு செயலிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இப்போது ஒன்றில் நிற்கிறேன்.

நானும் உங்கள் அம்மாவைப் போலவே காலையில் மட்டும் அளந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், நல்ல எண் வரும் நேரம் அதுதான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பச்சை வட்டத்தைப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? என் மருத்துவர் அந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, ஒரு வேளை உணவைத் தேர்ந்தெடுத்து, உண்பதற்கு முன்பும், முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும் இணையாக அளக்கச் சொன்னார். திங்கட்கிழமை காலை உணவு, செவ்வாய்க்கிழமை மதியம், புதன்கிழமை இரவு என்று மாற்றி மாற்றி அளந்தால், நாளொன்றுக்கு இரண்டு ஸ்ட்ரிப் போதும். ஐம்பது ஸ்ட்ரிப் அடங்கிய டப்பாவின் விலை நம் வீடுகளில் சின்னச் செலவன்று என்பதால் இந்த முறை எனக்குத் தோதாக இருந்தது. இரண்டே வாரத்தில் என் வில்லன் யார் என்று தெரிந்துவிட்டது. பயந்து ஒதுக்கிய மதியச் சோற்றில் ஏற்றம் நாற்பதைத் தாண்டவில்லை. "சர்க்கரைக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்லி நான் நிறைய உண்ட கோதுமை ரவை உப்புமாவில் தொண்ணூறுக்கு மேல் ஏறியது.

உணவைக் கணக்கிடும் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான செயலிகளில் "இட்லி" என்று தேடினால் பத்துப் பதினைந்து விடைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் கலோரி வேறு. பயனர்களே உள்ளிட்ட பட்டியல் என்பதால் அப்படி இருக்கிறது. என் வீட்டுத் தட்டில் வார்க்கும் இட்லியும் உணவக இட்லியும் எடையில் ஒன்றல்ல. சாம்பாரை "ஒரு கிண்ணம்" என்று கேட்டால் எந்தக் கிண்ணம்? நான் குழிக்கரண்டியில் அளந்து பரிமாறுகிறவள். மூன்று மாதம் முயன்றுவிட்டு அதைக் கைவிட்டேன். இப்போது தட்டை ஒரு படம் எடுத்து, அந்த வேளையின் எண்ணோடு இணைத்துவிடுகிறேன். என் மருத்துவர் கலோரிப் பட்டியலை ஒருநாளும் பார்த்ததில்லை, படத்தைப் பார்த்ததும், "இந்தத் தட்டில் காய் எங்கேம்மா?" என்று கேட்டார்.

அம்மாவிடம் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை படையலுக்கு வாழைப்பழம் உரித்த கையோடு நான் அளந்தபோது 268 என்று காட்டியது. நெஞ்சு படபடத்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி அளந்தால் 151. முதல் எண்ணை நான் அழிக்காமல் விட்டதால், அந்த மாத வரைபடத்தில் கோபுரம் போல ஒரு சிவப்புக் கோடு நின்றது. மருத்துவரும் அதைத்தான் முதலில் கேட்டார்.

வைகைக்கரையான்

ஐயாவுக்கும் அம்மையாருக்கும் மிக்க நன்றி. அலகைச் சரிபார்த்தேன். தம்பியின் கைபேசியில் மில்லிமோல் என்றுதான் இருந்தது, மாற்றச் சொல்லிவிட்டேன். அவன் முகம் காணொளி அழைப்பில் சுருங்கிப் போனது.

வேறொரு சங்கதியையும் கேட்க வேண்டும். என் அக்காள் மகன் அம்மாவின் கைபேசியில் இன்னொரு செயலியையும் நிறுவியிருக்கிறான். கேமராவின் மீது விரலை வைத்தால் அது இரத்த அழுத்தத்தைச் சொல்கிறது. அம்மாவுக்குப் பெரும்பாலும் 118/76, 121/78 என்றுதான் காட்டியிருக்கிறது. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் சென்ற செவ்வாய்க்கிழமை கையில் பட்டை கட்டி அளந்தபோது 162/94 வந்திருக்கிறது. "போனில் சரியாகத்தான் இருக்கிறது, உன் மெஷினில் கோளாறு" என்று அம்மா அந்தப் பெண்ணிடம் வாதாடியிருக்கிறார். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் போதும் என்று அவராகவே முடிவு செய்திருந்ததும் இப்போதுதான் தெரியவந்தது.

நிரல்கட்டுநர்

அந்த இரண்டாவது செயலியை இன்றே நீக்கிவிடுங்கள். மாத்திரையைப் பற்றி மருத்துவரிடமோ, அந்தத் தன்னார்வலர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே பேசுங்கள். மற்றவை பிறகு.

நான் கைபேசிச் செயலிகள் எழுதுபவன். சில ஆண்டுகள் உடல்நலச் செயலி ஒன்றிலும் வேலை செய்திருக்கிறேன். கேமராவும் விளக்கும் சேர்ந்து நாடித் துடிப்பை எண்ண முடியும் என்பது உண்மை. ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் இரத்தம் நிறைந்து வடிவதால், திரும்பி வரும் ஒளி கூடிக் குறைகிறது. அதை எண்ணினால் போதும். அழுத்தம் வேறு அளவு. அந்த ஒளியிலிருந்து அதை நேராக எடுக்க வழியில்லாததால், இத்தகைய செயலிகள் வயது, பாலினம், நாடித் துடிப்பு ஆகியவற்றை வைத்து, "இப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் இவ்வளவு இருக்கும்" என்று ஊகித்துச் சொல்லிவிடுகின்றன. ஊகம் எப்போதும் சராசரிப் பக்கமே சாயும். உயர் அழுத்தம் உள்ளவருக்கும் அது நல்ல செய்தியையே சொல்லும்.

இது புதிய கதையும் அன்று. அமெரிக்காவில் இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர் என்ற செயலியை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கொடுத்து வாங்கினார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வில், உண்மையில் உயர் அழுத்தம் இருந்தவர்களில் நான்கில் மூவருக்கும் மேலானோரின் அளவை அது இயல்பு என்று காட்டியது தெரிந்தது. அதே ஆண்டு இறுதியில் அந்நாட்டு வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. கைக்கடிகாரங்களிலும் கவனம் தேவை. சாம்சங் கடிகாரத்தில் அழுத்தம் பார்க்கும் வசதி இருந்தாலும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை கையில் கட்டும் கருவியோடு ஒப்பிட்டு அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அந்நிறுவனமே சொல்லும் விதி. ஊசி குத்தாமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களும் மோதிரங்களும் இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அப்படி எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தம்பி அங்கிருந்து ஏதாவது வாங்கி அனுப்ப நினைத்தால், புயத்தில் கட்டும் நல்ல அழுத்தமானியை வாங்கி அனுப்பட்டும்.

எந்தச் செயலி என்று கேட்டிருந்தீர்கள். இப்போது இருக்கும் சர்க்கரைச் செயலியை மாற்றத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டைப் பாருங்கள். முதலாவது, பதிவுகள் அனைத்தையும் பிடிஎஃப் ஆகவோ எக்செலில் திறக்கக்கூடிய கோப்பாகவோ வெளியே எடுக்க முடிகிறதா? உடல்நலப் பதிவுகளைச் சேமித்து வைக்கும் கூகுள் ஹெல்த் சேவை 2012-இல் மூடப்பட்டது. அதே வகையான மைக்ரோசாஃப்டின் ஹெல்த்வால்ட் 2019-இல் மூடப்பட்டது. அவ்வளவு பெரிய கடைகளே பூட்டிக்கொண்டு போகும்போது, சின்ன நிறுவனத்தின் செயலி ஐந்து ஆண்டு நிற்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? மாதக் கடைசியில் கோப்பை எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். சில செயலிகள் உள்ளே போடுவதை இலவசமாக வைத்துவிட்டு, வெளியே எடுப்பதற்குச் சந்தா கேட்கும். அதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, அது கேட்கும் அனுமதிகள். சர்க்கரை எண்ணை எழுதி வைக்கும் செயலிக்குத் தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு? கைபேசி அமைப்புகளில் போய் அவற்றை மறுத்துவிடுங்கள். மறுத்தால் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் செயலியை வீட்டுக்குள் விடாதீர்கள். 2018-இல் மைஃபிட்னஸ்பால் செயலியிலிருந்து ஏறக்குறைய 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவு போயின. அதனால் வங்கிக்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே வைக்க வேண்டாம். அக்காள் மகன் நிறுவிய செயலியை நீக்குவதற்கு முன்பு, அதன் உள்ளே போய்க் கணக்கையும் அழித்துவிடுங்கள். செயலியை நீக்கினால் கைபேசியிலிருந்துதான் போகும், அவர்களுடைய சேமிப்பகத்தில் தரவு அப்படியே கிடக்கும்.

மாத்திரை நினைவூட்டல் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் பின்னணியில் இருக்கும் செயலிகளைத் தாமாகவே உறங்க வைத்துவிடும், மணி அடிக்காது. மின்கல அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு அளிக்க வேண்டும். மணி அடித்தாலும், "எடுத்துக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு மாத்திரையை மறந்துபோகிறவர்கள் உண்டு. என் தகப்பனார் அப்படித்தான். ஏழு அறைகள் கொண்ட மாத்திரை டப்பாவை வாங்கிக் கொடுத்த பிறகே எங்களுக்கு உண்மை நிலவரம் தெரிந்தது.

பழைய நுண்ணோக்கி

அழுத்தமானி வாங்கினால், அம்மா முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்த பிறகு, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்கட்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே உயர் அழுத்தத்துக்கான எல்லை. மருத்துவமனையில் சொல்லும் 140/90 இங்கே பொருந்தாது. அந்தத் தன்னார்வலப் பெண்ணிடம் அம்மாவை ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசச் சொல்லுங்கள், தம்பி. வெயிலில் வீடு வீடாக நடக்கிற பிள்ளை.

வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊருக்கே வந்துவிட்டேன். கேமராச் செயலியை, கணக்கையும் அழித்து நீக்கியாகிவிட்டது. மருத்துவரைப் பார்த்தோம், அழுத்த மாத்திரையை நாள் தவறாமல் எடுக்கச் சொல்லியிருக்கிறார், ஹீமோகுளோபின் 11.9 என்று வந்ததால் எச்பிஏ1சி முடிவைப் பெரிதாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். இரண்டு வாரம் இணை அளவுகளை எடுத்துக்கொண்டு வரும்படி அவரும் கேட்டிருக்கிறார். இதுவரை நான்கு நாள் எடுத்தவற்றில் மதியத்துக்குப் பிறகு 174, காலை உணவுக்குப் பிறகு 212, இரவு தோசைக்குப் பிறகு 231.

தன்னார்வலர் வந்தபோது அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, மோரே மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். செயலியில் குறிப்பு எழுதும் இடத்தில் குரலால் தமிழில் பதியலாம் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன். இன்று மாலை திறந்து பார்த்தால், 243 என்ற எண்ணுக்குக் கீழே, "பக்கத்து வீட்டுக் காதுகுத்து, பாயசம் அரை டம்ளர், பெரியவனிடம் சொல்ல வேண்டாம்" என்று பதிவாகியிருக்கிறது.